பேஸ்மென்ட்டில் குண்டு மிளகாய்: எல்இடி விளக்கை நானே செய்ய வேண்டும், வழி சொல்லுங்கள்

கமுதிப்பெண் (ஸ்கார்பரோ, டொரான்டோ), ஜனவரி 12

எல்லோருக்கும் வணக்கம். கேள்வி கொஞ்சம் நீளம், பொறுமையாகப் படியுங்கள்.

எனக்கு ராமநாதபுரம் பக்கம். எங்கள் ஊரில் குண்டு மிளகாய் என்போம். மூட்டையில் முண்டு என்று எழுதியிருக்கும். 2023இல் புவிசார் குறியீடு கிடைத்ததே, அதே மிளகாய்தான். இங்கே தமிழ்க் கடைகளில் அதன் வத்தல் தாராளமாகக் கிடைக்கிறது. பச்சையாக மட்டும் கிடைப்பதில்லை. நீளமான பச்சை மிளகாயில் மோர் மிளகாய் போட்டுப் பார்த்தேன், சரிப்படவில்லை. குண்டு மிளகாய்க்குள் மோர் போய்த் தங்கும், எண்ணெயில் போட்டால் உப்பி வரும். அது வேண்டும். அம்மா ஜூலையில் இங்கே வருகிறார். அதற்குள் செடியில் காய் பிடித்திருக்க வேண்டும் என்பது என் ஆசை.

வத்தல் பாக்கெட்டிலிருந்து, குலுக்கினால் கலகலவென்று சத்தம் வரும் காய்களாக ஐந்தாறு பொறுக்கி உடைத்தேன். 24 விதை. ஈரமான கிச்சன் பேப்பரில் மடித்து, ஜிப் கவரில் போட்டு ஃபிரிட்ஜ் மேலே வைத்தேன். பதினோராம் நாள் பார்த்தால் 9 விதை முளைத்திருந்தது. அன்று அடைந்த சந்தோஷத்தைச் சொல்ல முடியாது.

இப்போது ஐந்து வாரம் ஆகிறது. செடி 14 சென்டிமீட்டர் உயரம், தண்டு தையல் நூல் மாதிரி, இலை நான்கே நான்கு. தண்ணீர் ஊற்றினால் சாய்ந்து விழுகிறது. நாங்கள் இருப்பது வாடகை பேஸ்மென்ட், ஒன்றரை அடி அகல ஜன்னல் ஒன்றுதான், அதுவும் வடக்குப் பார்த்தது. டிசம்பர் கடைசியில் இங்கே பகல் ஒன்பது மணி நேரம்கூட முழுசாக இல்லை. அதனால் இணையத்தில் ஒரு ஊதா நிற விளக்கு வாங்கினேன், கிளிப் மாட்டும் வகை, மூன்று தலை. பெட்டியில் 80 வாட் என்று கொட்டை எழுத்தில் இருக்கிறது. தோழி ஒருத்தியிடம் மின்சாரம் அளக்கும் பிளக் மீட்டர் இரவல் வாங்கிச் செருகிப் பார்த்தேன். 17 வாட் காட்டுகிறது. மூன்று தடவை கழற்றி மாட்டினேன், அதே 17.

விற்றவரிடம் எழுதிக் கேட்டேன், பதில் இல்லை. காசு போனதைவிட, அந்த எண்ணை நம்பி ஐந்து வாரம் செடிகளை அரை இருட்டில் வைத்திருந்தேனே என்பதுதான் மனசைக் குடைகிறது.

இனி நானே செய்யலாம் என்று இருக்கிறேன். கம்பி அலமாரியில் ஒரு தட்டு இருக்கிறது, 90க்கு 45 சென்டிமீட்டர். எல்இடி ஸ்ட்ரிப் வாங்கலாமா, சாதாரண பல்புகளை வரிசையாக மாட்டலாமா? டிரைவர் என்கிறார்களே, அதை எப்படித் தேர்ந்தெடுப்பது? எவ்வளவு உயரத்தில் தொங்கவிட வேண்டும்? மருத்துவமனையில் இரவுப் பணி பார்க்கிறேன், விளக்கு எரியும்போது வீட்டில் ஆள் இருக்காது. மேலே வீட்டுக்காரர் குடும்பம் தூங்கும். அதனால் எனக்குப் பாதுகாப்புதான் முதல் கவலை. சோல்டர் வைக்கத் தெரியும், தம்பியிடம் கற்றது.

---

பழைய வயர்மேன் (கோவை), ஜனவரி 13

வணக்கம்மா. முப்பது வருஷம் வயரிங்கும் மோட்டாரும் பார்த்தவன், கடைசி எட்டு வருஷம் எல்இடி சர்வீஸ். மீட்டரை வைத்து அளந்தீர்களே, அது போதும், பாதி வேலை முடிந்தது.

அந்த 80 எப்படி வந்தது என்றால், உள்ளே இருக்கும் எல்இடி சில்லுகளை எண்ணி, ஒவ்வொன்றும் உச்சபட்சம் எவ்வளவு தாங்குமோ அதால் பெருக்கி எழுதிவிடுகிறார்கள். அந்த அளவில் ஓட்டினால் ஒரே நாளில் கருகிவிடும். சுவரிலிருந்து இழுக்கும் வாட்தான் கணக்கு.

ஊதா வேண்டாம், வெள்ளை போதும். செடிக்குச் சிவப்பும் நீலமும் மட்டும் போதும், பச்சை வீண் என்று ஒரு பேச்சு உண்டு. டெக்சாஸில் மெக்ரீ என்ற ஆய்வாளர் 22 வகைப் பயிர்களின் இலைகளில் ஒவ்வொரு நிற ஒளியாகப் பாய்ச்சி அளந்து 1972இல் வெளியிட்டார். பச்சை ஒளியையும் இலை நன்றாகவே பயன்படுத்துகிறது என்று அதில் தெரிந்தது. இன்னொன்று, ஊதா வெளிச்சத்தில் இலை மஞ்சளாவதும் பூச்சி வருவதும் கண்ணுக்குத் தெரியாது. வெள்ளையில் பார்த்தவுடன் தெரியும். வெள்ளையின் நிறத்தைக் கெல்வின் என்ற எண்ணில் போட்டிருப்பார்கள், 3500 கெல்வினோ 4000 கெல்வினோ வாங்குங்கள்.

வீட்டு பல்பின் மூடியைக் கழற்றிவிட்டு வரிசையாக மாட்டும் வீடியோக்கள் நிறைய வருகின்றன. தயவு செய்து அதைச் செய்யாதீர்கள். நிறைய பல்புகளில் எல்இடி தகடு மெயின் லைனிலிருந்து பிரிக்கப்பட்டிருக்காது. மூடி இல்லாத பல்பைத் தொட்டால் மெயின் கரன்ட்டைத் தொட்ட மாதிரி. பக்கத்தில் ஈர மண்ணும் தண்ணீர்க் குவளையும் வேறு இருக்கும்.

உங்கள் தட்டுக்கு 56 சென்டிமீட்டர் நீள, அலுமினியத் தகட்டில் வரும் ஸ்ட்ரிப் நான்கு போதும். ரோலாகச் சுற்றி வரும் அலங்கார டேப் இல்லை, அதில் வெளிச்சம் போதாது. பிரிட்ஜ்லக்ஸ் கம்பெனியின் ஈபி மாதிரி வகையில், ஒரு ஸ்ட்ரிப் 19.5 வோல்ட்டில் 0.7 ஆம்பியர் இழுக்கும், ஏறக்குறைய 13.5 வாட். நான்கும் சேர்ந்து 55 வாட்.

இதை இரண்டு விதமாக இணைக்கலாம். நான்கையும் சீரியஸில், அதாவது ஒன்றன்பின் ஒன்றாகப் போட்டால் 78 வோல்ட் டிசி. 60 வோல்ட்டுக்கு மேல் டிசி என்றால் நான் விளையாட மாட்டேன், உங்களையும் விட மாட்டேன். பேரலலில், அதாவது பிளஸ் எல்லாம் ஒன்றாக, மைனஸ் எல்லாம் ஒன்றாகப் போடுங்கள். வோல்டேஜ் எல்லாவற்றுக்கும் அதே 19.5தான், கரன்ட் மட்டும் கூடி 2.8 ஆம்பியர் ஆகும். கை பட்டாலும் ஷாக் அடிக்காது. டிரைவர் என்பது மெயின் கரன்ட்டை எல்இடிக்கு ஏற்ற டிசியாக மாற்றும் பெட்டி. இதற்கு 20 வோல்ட், 60 வாட் டிரைவர் வாங்குங்கள். வோல்டேஜையும் கரன்ட்டின் உச்சவரம்பையும் தனித்தனியாகத் திருகி வைக்கும் வசதி இருக்க வேண்டும். மேலே இரண்டு ரப்பர் மூடி இருக்கும், அதற்குள் சின்னத் திருகு.

கரன்ட் வரம்பு ஏன் முக்கியம் என்று சொல்கிறேன். எல்இடி சூடாக ஆக அதற்கு வேண்டிய வோல்டேஜ் இறங்கும். நீங்கள் கொடுப்பது அதே வோல்டேஜ் என்றால் கரன்ட் ஏறும். கரன்ட் ஏறினால் இன்னும் சூடு, இன்னும் கரன்ட். வரம்பு வைத்துவிட்டால் அதற்கு மேல் டிரைவர் விடாது. முழு 2.8 வேண்டாம், 2.4இல் வையுங்கள். வெளிச்சம் கொஞ்சம்தான் குறையும், ஆயுள் நிறையக் கூடும்.

ஸ்ட்ரிப்பை அலுமினிய சேனலில் திருகி முடுக்குங்கள். அரை மணி எரியவிட்டுப் பின்பக்கம் விரல் வையுங்கள். பத்து எண்ணும் வரை வைத்திருக்க முடிந்தால் சரி.

இப்போது மெயின் பக்கம். இதில் சிக்கனம் கூடாது. டிரைவர் முழுதும் மூடி சீல் வைத்ததாக இருக்கட்டும். கனடாவில் செல்லும் சிஎஸ்ஏ அல்லது சியுஎல் பாதுகாப்பு முத்திரை இல்லாததை வாங்காதீர்கள். மூன்று கோர் வயர், அதில் எர்த்தான பச்சை வயரை அலுமினியச் சட்டத்தில் திருகிவிடுங்கள். முறுக்கி டேப் சுற்றும் இணைப்பு வேண்டவே வேண்டாம். நெம்பு வைத்த கனெக்டரில் செருகி, மூடிய பெட்டிக்குள் வையுங்கள். பிளக்குக்கு வரும் வயர் சாக்கெட்டைவிடக் கீழே தொங்கி மேலே ஏற வேண்டும். தண்ணீர் வழிந்தாலும் அந்த வளைவில் சொட்டிவிடும், சாக்கெட்டுக்குப் போகாது. உங்கள் ஊரில் குளியலறையில், கரன்ட் கசிந்தால் தானே துண்டிக்கும் ஜிஎஃப்சிஐ சாக்கெட் இருக்குமே, அதே வகையில்தான் இதையும் செருக வேண்டும்.

நீங்கள் இல்லாத நேரத்தில் முதல் ஒரு வாரம் எரிய விடாதீர்கள். பகலில், கண் பார்வையில் ஓடட்டும். அப்புறம் டைமர்.

---

வின்னிபெக் தோட்டம், ஜனவரி 13

ஐயா சொன்னதில் நான் மாற்ற ஒன்றுமில்லை. ஆனால் ஒரு மாற்று வழி. மெயின் வயரில் கை வைக்கப் பயமாக இருந்தால், கராஜில் மாட்டும் 4 அடி எல்இடி ஷாப் லைட் இரண்டு வாங்கி அலமாரியில் சங்கிலியால் தொங்கவிடுங்கள். பிளக்கோடு வரும், முத்திரையோடு வரும். நான் ஆறு வருஷமாக அதில்தான் நாற்று விடுகிறேன். உங்கள் தட்டு மூன்றடிதான், ஓரங்கள் வெளியே நீட்டும், அது மட்டும்தான் குறை.

இன்னொன்று, செடி நூலாக நீண்டதற்கு வெளிச்சம் மட்டும் காரணமாக இருக்காது. முளைத்த பிறகு எங்கே வைத்தீர்கள்? முளைக்க 25லிருந்து 30 டிகிரி வேண்டும். முளைத்தபின் அதே சூட்டில் வெளிச்சம் குறைவாக வைத்தால் இழுத்துக்கொண்டு மேலே போகும். 20, 22 டிகிரிக்குக் கொண்டு வாருங்கள். ஒரு சின்ன மின்விசிறியை மெதுவாக ஓடவிடுங்கள், இலை லேசாக ஆடினால் போதும். ஆடுகிற செடிக்குத் தண்டு தடிக்கும்.

நீண்டுபோன செடியைத் தூக்கிப் போடாதீர்கள். வேறு தொட்டிக்கு மாற்றும்போது வித்திலை (முளைத்ததும் முதலில் வந்த இரட்டை இலை) வரை மண்ணுக்குள் இறக்கி வையுங்கள். தக்காளி மாதிரி தண்டெல்லாம் வேர் விடாது, ஆனாலும் சாயாமல் நிற்கும்.

வெளிச்சத்தை அளக்கத் தனிக் கருவி வேண்டாம். கைபேசியில் லக்ஸ் (கண்ணுக்குத் தெரியும் வெளிச்சத்தின் அளவு) காட்டும் செயலி இருக்கிறது. வெள்ளை எல்இடி என்றால், வரும் லக்ஸை 70ஆல் வகுத்தால் செடிக்குக் கிடைக்கும் மைக்ரோமோல் கணக்கு, அதாவது ஒரு சதுர மீட்டரில் ஒரு நொடிக்கு விழும் ஒளியின் அளவு, ஏறக்குறைய வந்துவிடும். இலை நுனியில் 17,500 லக்ஸ் என்றால் 250. அதை 16 மணி நேரம் கொடுத்தால் நாளுக்கு 14 மோல். நாற்றுக்கு இது தாராளம். காய் பிடிக்கும் காலத்தில் 20க்கு மேல் கிடைத்தால் நல்லது. அதற்குள் மே மாதம் வந்துவிடும், வெளியே கொண்டுபோய்விடலாம்.

---

கமுதிப்பெண், ஜனவரி 14

ஐயாவுக்கும் அக்காவுக்கும் நன்றி. அக்கா கேட்ட கேள்வி சுருக்கென்று தைத்தது. வீட்டைச் சூடாக்கும் ஃபர்னஸின் காற்று வரும் ஓட்டைக்குப் பக்கத்தில்தான் வைத்திருந்தேன், குளிராமல் இருக்கட்டும் என்று. தெர்மாமீட்டர் வைத்துப் பார்த்தால் 27. இன்றே மாற்றிவிட்டேன்.

ஷாப் லைட் சுலபம்தான், ஆனாலும் செய்து பார்க்கிறேன். மெயின் பக்க இணைப்பை மட்டும் நான் தொடப்போவதில்லை. எங்கள் வார்டில் வேலை செய்பவரின் கணவர் லைசென்ஸ் பெற்ற எலெக்ட்ரீஷியன், அவர் வந்து செய்து தருவதாகச் சொல்லியிருக்கிறார். டிசி பக்கம் என் வேலை.

---

ஒஸ்லோ கொச்சிக்காய், ஜனவரி 15

தங்கச்சி, நான் யாழ்ப்பாணம், இப்ப ஒஸ்லோ. எங்களுக்கு டிசம்பரில் பகல் ஆறு மணித்தியாலம்தான், அதனால் உங்கட கவலை எனக்கு வடிவாக விளங்குது.

முதல் வருஷம் நான் செய்த பிழையை நீங்கள் செய்யக்கூடாது என்று எழுதுகிறேன். சூரியனே இல்லையே என்று 24 மணித்தியாலமும் லைட்டைப் போட்டுவிட்டேன். மூன்று கிழமையில் இலையெல்லாம் நரம்புக்கு நடுவில் மஞ்சள் திட்டு, புது இலை சுருண்டு வந்தது. உரம் போதவில்லையாக்கும் என்று உரமும் போட்டேன், இன்னும் மோசமானது. கடைசியில் ஒரு தோட்டக்காரர் சொல்லித்தான் தெரியும், மிளகாய்க்கும் தக்காளிக்கும் இருட்டு வேணும். 16 மணித்தியாலம் வெளிச்சம், 8 மணித்தியாலம் இருட்டு. அதற்குப் பிறகு வந்த இலை நல்ல பச்சை.

இலையில் சாறு உறிஞ்சும் அசுவினிப் பூச்சி வரும், கட்டாயம் வரும். வீட்டுக்குள் மழையும் இல்லை, அதைத் தின்கிற பூச்சியும் இல்லை. கிழமைக்கு ஒருக்கா இலையைத் திருப்பிப் பாருங்கள். கண்டால் கைவிரலால் நசுக்கி, ஷவரில் இலையின் அடிப்பக்கத்தைக் கழுவுங்கள். மூன்று நாள் கழித்துத் திரும்பவும்.

---

கமுதிப்பெண், பிப்ரவரி 8

விளக்கு எரிகிறது! நடந்ததை எழுதுகிறேன், யாருக்காவது உதவும்.

ஸ்ட்ரிப் நான்கும் பத்து சென்டிமீட்டர் இடைவெளியில், மூன்று அலுமினியப் பட்டைகளில் குறுக்கே திருகினேன். முதலில் போட்டபோது மூன்றுதான் எரிந்தது. நான்காவது செத்துவிட்டது என்று அப்படியே உட்கார்ந்துவிட்டேன். அணைத்துவிட்டு டார்ச் அடித்துப் பார்த்தால், தகட்டின் ஓரத்தில் பொடி எழுத்தில் பிளஸ், மைனஸ். அந்த ஒன்றை மட்டும் திருப்பிப் பிடித்து சோல்டர் வைத்திருக்கிறேன். மாற்றியதும் எரிந்தது.

வோல்டேஜ் திருகை மட்டும் வைத்துவிட்டு மல்டிமீட்டரைத் தொடரில் போட்டேன். போட்டவுடன் 2.31 ஆம்பியர். நாற்பது நிமிடத்தில் 2.52. ஐயா சொன்னது கண் முன்னால் நடந்தது. இன்னொரு திருகைப் பின்னால் திருப்பி 2.4இல் நிறுத்தினேன். அதற்கப்புறம் இரண்டு மணி நேரம் பார்த்தேன், அசையவில்லை. பிளக் மீட்டரில் 53 வாட். ஒரு நாளைக்கு 16 மணி நேரம் எரிந்தால் மாதம் 25 யூனிட் ஆகும். அதை வீட்டுக்காரரிடம் எழுதிக் காட்டினேன், அவர்தான் கரன்ட் பில் கட்டுகிறார். வந்து பார்த்தார், எர்த் வயரைத் தொட்டுப் பார்த்தார், "ஒரு செடி எங்களுக்கும்" என்றார்.

செடிக்கு 25 சென்டிமீட்டர் மேலே வைத்தால் நடுவில் 17,000 லக்ஸ், மூலையில் 9,000. அதனால் ஞாயிறுதோறும் தொட்டிகளை இடம் மாற்றுகிறேன்.

---

பழைய வயர்மேன், பிப்ரவரி 8

பிளஸ் மைனஸ் மாறினால் எல்இடி எரியாது, பெரும்பாலும் கெட்டும் போகாது, பயம் வேண்டாம். 2.4இல் நின்றுவிட்டதே, இனி அந்தத் திருகைத் தொடாதீர்கள். மாதம் ஒருமுறை அணைத்துவிட்டு கனெக்டர்களை ஒவ்வொன்றாக லேசாக இழுத்துப் பாருங்கள். இளகியது இருந்தால் அங்கேதான் சூடு பிறக்கும்.

---

கமுதிப்பெண், மே 10

கடைசித் தகவல் சொல்லாமல் போனால் நன்றாக இருக்காது.

ஒன்பதில் ஏழு செடி தேறியது. மார்ச்சில் வளர்ந்து விளக்குக்குப் பத்து சென்டிமீட்டர் வரை வந்துவிட்டன, நான் கவனிக்கவில்லை. மேல் இலைகள் ஓரம் மேலே மடங்கிப் படகு மாதிரி ஆகிவிட்டன. சங்கிலியை நான்கு கண்ணி உயர்த்தினேன், புதிதாக வந்த இலைகள் தட்டையாகவே வந்தன. அசுவினி வந்தது அண்ணா, நீங்கள் சொன்ன மாதிரியே. வெள்ளை வெளிச்சமாக இருந்ததால் பத்துப் பன்னிரண்டு இருக்கும்போதே கண்ணில் பட்டுவிட்டது.

ஏப்ரல் முதல் வாரம் பூத்தது. முதல் பூக்கள் எல்லாம் கொட்டிவிட்டன. அக்காவுக்குத் தனியாக எழுதிக் கேட்டேன், காற்றில்லாத இடத்தில் பூவைத் தட்டிவிட வேண்டும் என்றார். பல் துலக்கும் மின்சார பிரஷ்ஷின் பின்பக்கத்தைப் பூக்காம்பில் இரண்டு நொடி வைத்தேன், மஞ்சள் தூள் பறந்தது. அதற்குப் பிறகு வந்த பூக்கள் நின்றன.

இன்று எண்ணினேன். மூன்றாவது செடியில் மட்டும் பதினோரு காய். பெரியது கோலிக்குண்டு அளவு, உள்ளங்கையில் வைத்தால் கனக்கிறது, தோல் வழவழவென்று இருக்கிறது. விக்டோரியா நாள் (மே பிற்பகுதியில் இங்கே வரும் விடுமுறை) வாரம் தாண்டியதும் வெளியே வைக்கிறேன். நேற்றிலிருந்து தினம் ஒரு மணி நேரம் படிக்கட்டு நிழலில் வைத்து வெயிலுக்குப் பழக்குகிறேன். வீட்டுக்காரருக்கு ஐந்தாவது செடி, அவர் பேத்தி அதில் பெயர் எழுதி ஒட்டிவிட்டாள்.

காணொளி அழைப்பில் அம்மாவுக்குக் காட்டினேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ரொம்ப நேரம் பார்த்தார். "பறிக்கும்போது காம்பை ஒடித்துவிடாதே, மோர் மிளகாய்க்குக் காம்பு வேண்டும்" என்றார்.